ஓக் மரமும் வீட்டு வெளிச்சமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கடையில் தேன் நிறத்தில் தெரிந்த ஓக் வெனீர் பலகை (மெல்லிய ஓக் மரத்தகடு ஒட்டிய பலகை), வரவேற்பறைச் சுவரில் பொருத்திய பிறகு சாம்பல் பூத்ததுபோல் வெளிறித் தெரிகிறது. பலகையை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: பலகையைச் சந்தேகிக்கும் முன் விளக்கைப் பாருங்கள். பல்பு வந்த பெட்டியில், ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அது 6500 என்றிருந்தால், நீலம் தூக்கலான அந்த வெண்ணிற ஒளி ஓக்கின் இயல்பான மஞ்சள் பழுப்பை அமுக்கிவிடுகிறது என்று கொள்ளலாம். எண் குறையக் குறைய ஒளி மஞ்சள் சாயும் என்பதால், ஓக் பதித்த அறைக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான விளக்குகளையே நான் பரிந்துரைப்பேன்.

அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற இன்னோர் எண்ணும் இருக்கும். பொருளின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதை அது குறிக்கிறது. பரவலாகக் கிடைக்கும் எல்.இ.டி. பல்புகளில் இது 80 அளவில் இருக்கும். மரத்துக்கு 90-க்கு மேல் வேண்டும். மரத்தின் பழுப்புக்குள் சிவப்பும் கலந்திருக்கிறது. அந்தச் சிவப்பு ஒளியிலேயே குறைவாக இருந்தால், எவ்வளவு நல்ல பலகையும் உயிரற்றுத்தான் தெரியும். எனவே பலகையைக் கழற்றும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, முதலில் ஒரே ஒரு பல்பை மாற்றிப் பாருங்கள். புதிதாக வாங்கவிருப்பவர்கள், பாலிஷ் போட்ட ஒரு சாண் அளவு மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி, அது நிற்கப்போகும் இடத்தில் செங்குத்தாக நிறுத்தி, இரவில் ஒரு முறை பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

கேள்வி: ஓக் பலகைச் சுவரின் மேல்விளிம்பில் ஸ்ட்ரிப் லைட் பொருத்தினோம். பகலில் வழவழப்பாக இருக்கும் பரப்பு, இரவில் கீறல் கீறலாகத் தெரிகிறது. தச்சரின் வேலையில் குறையா?

பதில்: ஓரளவு வேலையின் குறை, பெரும்பாலும் விளக்கு இருக்கும் இடத்தின் விளைவு. சுவரை ஒட்டி வழியும் ஒளி, மயிரிழை மேட்டுக்கும் ஒரு நிழலை உண்டாக்கும். ஓக்கின் ஆழமான துளைகளும் ரேகைகளும் அழகாக எழுந்து நிற்பது இதனால்தான். உப்புத்தாள் குறுக்கே ஓடிய தடம் அம்பலமாவதும் இதனால்தான். விளக்கைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, பால்நிற மூடியுள்ள அலுமினியப் பட்டைக்குள் வைத்தால் நிழல்கள் மெலியும். பளபளப்பான பூச்சாக இருந்தால் எல்.இ.டி. புள்ளிகள் ஒவ்வொன்றும் அதில் பிரதிபலிக்கும் என்பதால், மங்கலான மேட் பூச்சே ஏற்றது. கீறல்களை அகற்ற வேண்டுமானால், அந்த விளக்கை எரியவிட்டபடியே ரேகையின் போக்கில் தேய்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கை கழுவும் தொட்டியின் கீழுள்ள ஓக் அலமாரியில், திருகாணிகளைச் சுற்றிக் கருநீலக் கறை படர்கிறது. பூஞ்சையா?

பதில்: பூஞ்சையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரம் பட்டவுடன் அது இரும்போடு வினைபுரிந்து கறுக்கும். முதலில் கசிவை நிறுத்துங்கள். பிறகு இரும்புத் திருகாணிகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளையால் ஆனவற்றைப் போடுங்கள். மேற்பூச்சைத் தேய்த்தெடுத்த பின் ஆக்சாலிக் அமிலக் கரைசல் இந்தக் கறையை வெளுக்கச் செய்யும். அது நச்சுப்பொருள் என்பதால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். இரும்புக் கம்பி நாரால் ஓக்கை ஒருபோதும் தேய்க்காதீர்கள். உதிரும் துகள் ஒவ்வொன்றும் பின்னாளில் ஒரு கரும்புள்ளியாக மாறும்.

கேள்வி: வெள்ளை ஓக், சிவப்பு ஓக் இரண்டில் எது நல்லது?

பதில்: ஈரம் படும் இடத்துக்கு வெள்ளை ஓக். அதன் வைரப் பகுதியில், அதாவது மரத்தின் முதிர்ந்த உட்பகுதியில், துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். மதுப் பீப்பாய்கள் அதில் செய்யப்படுவதும் அதனால்தான். சிவப்பு ஓக்கிலோ துளைகள் திறந்தே இருக்கும்: அதன் சிறு துண்டு ஒன்றை முனை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் வாய்வைத்து ஊதினால் குமிழி வரும். உலர்ந்த அறைகளில் இரண்டுமே நன்கு உழைக்கும். அங்கே நிறம் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: சுவரிலிருந்த படத்தைக் கழற்றியதும், ஓக் பலகையில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. விளக்கொளியால் இப்படி ஆகுமா?

பதில்: இது பெரும்பாலும் சன்னல் வழி வரும் வெயிலின் வேலை, வீட்டு எல்.இ.டி. விளக்குகளில் புற ஊதாக் கதிர் மிகச் சொற்பம். வெயில் பட்ட மரமும் அதன்மேலுள்ள பூச்சும் காலப்போக்கில் நிறம் மாற, படத்தின் பின்னால் மறைந்திருந்த பகுதி பழைய நிறத்திலேயே தங்கிவிட்டது. எண்ணெய் சார்ந்த வார்னிஷ் தானாகவே மஞ்சளாகும். நீர் சார்ந்த பூச்சில் அந்த மாற்றம் குறைவு. இப்போதைக்குப் படத்தை மீண்டும் மாட்டாமல் விட்டு வையுங்கள். சில மாதங்களில் வேறுபாடு கணிசமாகக் குறையும். அதற்குள் தேய்த்து மறுபூச்சுப் போட அவசரப்பட வேண்டாம், ஏனெனில் வெனீரின் மேற்படலம் பல சமயம் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது.