கலுங்கடிப் பதில்கள்: கண்மாய்க்குக் கருவி கட்டலாமா?

(பாசனப் பிரிவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, காரைக்குடியில் வசிக்கும் நம் பத்தியாளர் மழைக்காலக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஆற்றில் வெள்ளம் வருவதைச் செயற்கை நுண்ணறிவு ஏழு நாள் முன்பே சொல்லிவிடுகிறதாம். எங்கள் கண்மாய் உடைவதையும் சொல்லுமா ஐயா?
– விவசாயி, தேவகோட்டை

ஆற்றுக்குச் சொல்கிறது, உண்மைதான். கூகுள் நிறுவனம் 2018இல் பாட்னாவில் தொடங்கிய வேலை அது. மத்திய நீர் ஆணையத்தோடு சேர்ந்து செய்தார்கள். உலகெங்கும் உள்ள 5,680 அளவு நிலையங்களின் பழைய பதிவுகளைப் படித்துப் பழகிய நிரல், அளவுகோலே நடாத ஆறுகளுக்கும் ஐந்து நாள் முன்னதாக ஓரளவு நம்பும்படி சொல்கிறது என்று 2024இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். நல்ல காரியம்.

ஆனால் கங்கையில் மேலே பெய்த மழை பாட்னாவுக்கு வந்து சேர நாள் பிடிக்கும். நமக்கு அந்த அவகாசம் ஏது? மேல் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் கலுங்குக் கல்லின் மேல் வழிந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு அதுதான் வரத்து. அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது. நடுவில் ஒரு கரை உடைந்தால் அத்தனை தண்ணீரும் மொத்தமாகக் கீழே இறங்கிவிடும். நண்டு வளையும் எலி வளையும் கருவேல வேர் பிளந்த கரையும் எந்தச் செயற்கைக்கோள் கண்ணிலும் படாது. உங்களுக்கு வேண்டியது ஏழு நாள் ஜோசியம் அல்ல, மேல் கண்மாய் கலுங்கில் தண்ணீர் ஏறியதைக் கீழூருக்கு உடனே தெரிவிக்கும் ஓர் ஏற்பாடு. இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும், நாற்றங்கால் போனாலும் ஆடு மாடு தப்பும்.

கல்லூரிப் புராஜெக்ட்டுக்காக ஒரு கண்மாயில் நீர்மட்ட சென்சார் வைக்கப் போகிறோம். எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?
– பொறியியல் மாணவர், காரைக்குடி

கடைக்குப் போவதற்கு முன் கலுங்குக்குப் போங்கள். நீங்கள் அளக்கப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தக் கல்லின் மேல்மட்டம்தான் பூஜ்யம். ‘தரையிலிருந்து 2.4 மீட்டர்’ என்று உங்கள் திரையில் வந்தால் ஊரில் யாருக்கும் புரியாது. ‘கலுங்குக்கு அரை அடி குறைவு’ என்றால் ஆடு மேய்க்கிற பையனுக்கும் புரியும்.

விலை மலிவு என்று எல்லோரும் மீயொலி சென்சாரைத்தான் வாங்குகிறார்கள். ஒலியை அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி. காற்று சூடேறினால் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. இதைத் திருத்தாமல் விட்டால் 3 மீட்டர் தூரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பிழை வரும். கலுங்கில் பத்து சென்டிமீட்டர் என்பது பெரிய சமாசாரம். ஆகவே வெப்பமானி சேர்ந்த கருவியாக வாங்குங்கள். ஆகாயத்தாமரை ஒதுங்கும் மூலையில் பொருத்தாதீர்கள். இலையின் மேல்பரப்பை நீர்மட்டம் என்று அது சாதிக்கும். குளவி கூடு கட்டாமல் வாரம் ஒருமுறை பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். உங்கள் புராஜெக்ட் அறிக்கையில் குளவி பற்றி ஒரு வரிகூட இருக்காது என்று எனக்குத் தெரியும்.

மழைமானியும் கட்டாயம் வையுங்கள். புனலுக்கு அடியில் சீசா பலகை போல இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிறைந்தால் ‘டிக்’ என்று சாயும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் பல கருவிகளில் 0.2 மில்லிமீட்டர் மழை. காக்கை எச்சம் புனலை அடைத்தால் ஊரே மூழ்கினாலும் ‘மழை இல்லை’ என்றுதான் சொல்லும்.

அடுத்து மின்சாரம். சோலார் பலகை சித்திரையில் வெளுத்துக் கட்டும். கார்த்திகையில் தொடர்ந்து நாலைந்து நாள் வெயிலே தலைகாட்டாது, கருவி வேண்டியதும் அப்போதுதான். வெயில் காலத்தில் மணிக்கு ஒருமுறை, மழை தொடங்கினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று எழுதி வையுங்கள். பேட்டரி பற்றிச் சந்தேகமா, சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்காதீர்கள். தகவல் அனுப்ப லோரா ரேடியோ போதும். மின்சாரம் கொஞ்சமாகத்தான் தின்னும், வெட்டவெளியில் சில கிலோமீட்டர் போகும்.

செயற்கை நுண்ணறிவு எங்கே என்று கேட்பீர்கள். முதல் வருடம் அது வேண்டாம். மேல் கண்மாய் மறுகால் பாய்ந்து எத்தனை மணி நேரத்தில் கீழ்க் கண்மாய் எவ்வளவு ஏறுகிறது என்று பதிவு செய்யுங்கள். சில ஐப்பசி கார்த்திகைகள் போகட்டும். படிக்கப் பாடம் இல்லாமல் நிரலைப் பள்ளிக்கு அனுப்பி என்ன பயன்?

கானாடுகாத்தானில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. வளவு முற்றத்தில் தண்ணீர் நின்றால் இங்கே என் போனுக்குத் தகவல் வர வழி உண்டா?
– வாசகர், கோலாலம்பூர்

உண்டு. வந்த பிறகு சாவி யாரிடம்? வருடத்துக்கு இரண்டு முறை முற்றத்துத் தண்ணீர் போகும் துவாரத்திலிருந்து இலையை அள்ளச் சொல்லுங்கள். கருவிக்கு ஆகும் பணத்தை அந்த ஆளுக்குக் கொடுங்கள்.

போனில் திடீரென்று எச்சரிக்கை அலறியதில் என் மாமியார் பயந்துபோய்விட்டார். இதையெல்லாம் நம்பலாமா?
– இல்லத்தரசி, பள்ளத்தூர்

அந்த அலறல் செல்பேசிக் கோபுர எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு ஒரே நேரத்தில் போவது. உங்கள் எண் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 2023இல் சோதனையாக அனுப்பினார்கள். ‘சோதனை’ என்று அதிலேயே எழுதியிருக்கும். அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம்பலாம், ஆனால் அதையே முழுசாக நம்பிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நம் சிவகங்கை மாவட்டத்தில் வருடம் முழுவதும் பெய்வதே ஏறக்குறைய 90 செ.மீ.தான். பழைய கணக்கைப் பார்த்துப் பாடம் படித்த நிரல், பழைய கணக்கில் இல்லாத மழையைக் கண்டால் திணறத்தான் செய்யும். எச்சரிக்கை வந்தால் பத்திரங்களையும் மாத்திரைகளையும் மேலே எடுத்து வையுங்கள். வராவிட்டாலும் தெருவில் தண்ணீர் ஏறினால் அதையே செய்யுங்கள்.

மேலூர்க்காரர்கள் இரவில் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கிவிடுகிறார்கள். சென்சார் இதைக் காட்டிக்கொடுக்குமா?
– ஆயக்கட்டுதாரர், ஊர் வேண்டாம்

ஒரு சென்சார் காட்டாது, இரண்டு காட்டும். கண்மாய்க்குள் ஒன்று, கலுங்குக்கு வெளியே மறுகால் ஓடையில் ஒன்று. உள்ளே கலுங்கு மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்று, ஓடை காய்ந்து கிடந்தால் நடுவில் மூட்டை இருக்கிறது என்று அர்த்தம். கரை உடைவதற்கு முந்திய நிலையும் அதுதான், ஆகவே இந்த ஒரு கணக்கை அபாய எச்சரிக்கையாகவே வைக்கலாம்.

ஆனால் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். தை மாதம் பயிர் காய்ந்துவிடும் என்ற பயத்தில்தான் அவர்களும் அடைக்கிறார்கள். ஐப்பசிக்கு முன்னால் நீர்வளத் துறைப் பொறியாளரை வரவழைத்து, இரண்டு ஊரும் கலுங்கில் நின்று பேசி, தண்ணீர் இதற்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு கோடு போடுங்கள். பெயின்ட் சிவப்பாக வாங்குங்கள். பச்சை வாங்கினால் பாசியோடு பாசியாகப் போய்விடும், மறுபடியும் மார்கழியில் சண்டை.