மாமனாரின் துவக்கும் மனைவியின் அட்டியலும்

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சம்பளம் 1,40,000 ரூபாய், வாடகை 55,000. என் மாமனார் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கிளார்க்காக இருந்த காலத்தில், ஊருக்குப் போன துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன இரட்டைக்குழல் துவக்கு மச்சான் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மாமனார் தவறி 2 வருடம். 130 வருடப் பழசு, டமாஸ்கஸ் குழல், வெளிநாட்டு ஏலத்தில் 40 இலட்சம் போகும், 6 இலட்சம் தந்தால் துவக்கு உனக்கே என்கிறார் மச்சான். நகையை ஈடு வைத்துக் கொடுக்கலாமா? ஏற்கெனவே அவருக்காக 4 இலட்சத்துக்கு வைத்த மனைவியின் அட்டியல் 3 வருடமாக ஈட்டில். வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து வருகிறேன். வாங்க வருபவருக்கு ஒரு வெடி வைத்தும் காட்டலாமாம். படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வெடி வைத்துக் காட்டும் பேச்சை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். டமாஸ்கஸ் குழல் என்பது இரும்பும் உருக்குமான பட்டிகளை முறுக்கி, சூடாக்கி அடித்து ஒட்டிச் செய்தது. அந்த அழகான சுருள் கோலமே ஒட்டுக்களின் தடம்தான். ஒட்டுக்குள் துரு இறங்கியிருந்தால் வெளியில் தெரியாது. இவை பெரும்பாலும் கரிமருந்துக்காக, அதாவது அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்காக, செய்யப்பட்டவை. இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போட்டால் குழல் கிழியலாம். கிழிவது பெரும்பாலும் குழலைத் தாங்கிப் பிடிக்கும் முன்பக்கக் கை இருக்கும் இடத்தில். உங்கள் மூன்றாவது படத்தில், பிடியின் கழுத்தில் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறது. கட்டையில் விரிசல் விழுந்த பிறகு கட்டிய கம்பி அது.

இனி விலை. குழலின் அடியில் முட்டை வடிவ வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் தெரிகின்றன. அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலை முத்திரை. செய்தவர் பெயர் அல்ல. அந்த நகரிலிருந்து மலிவுத் துவக்குகள் உலகமெங்கும் பெருவாரியாகப் போயின. ஏலத்தில் பெரிய விலை போகிறவை பர்டி, ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் போன்ற இலண்டன் பட்டறைகளின் நல்ல நிலையிலுள்ள துவக்குகள். மச்சான் பார்த்த விலை அந்த இனத்துக்கானது. உங்களுடையதில் செய்தவர் பெயரும் இல்லை, நிலையும் நன்றாக இல்லை.

விற்பதற்கும் வழி குறுகியது. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, வருடாவருடம் புதுப்பிப்பது. மாமனாரோடு அது முடிந்துவிட்டது. வாங்குகிறவரும் அனுமதி உள்ளவராக இருக்கவேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப இங்கேயும் அங்கேயும் அனுமதி வேண்டும். இப்போது அது பரணில் கிடப்பதே மச்சானுக்கு வழக்காக முடியலாம். ஒரு சட்டத்தரணியோடு பொலிஸுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி ஒப்படைக்கச் சொல்லுங்கள். தனியாகப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

ஆனால் உங்களைக் கெடுப்பது துவக்கு அல்ல. மச்சான் கேட்கும்போதெல்லாம் நகைப்பெட்டியைத் திறப்பதும், பிறகு வட்டியை மட்டும் கட்டி ஈட்டைத் திருப்பி வைப்பதும்தான். வருடத்துக்கு 18 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 இலட்சத்துக்கு வருடம் 72,000. மூன்று வருடத்தில் 2,16,000 போய்விட்டது, முதல் அப்படியே நிற்கிறது. இதோடு 6 இலட்சம் சேர்ந்தால் மாதம் 9,000 கூடும், மொத்தம் 15,000. வாடகை போக உங்கள் கையில் நிற்பது 85,000. அதில் சாப்பாடு, கரண்ட் பில், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் முடியவேண்டும். துவக்கு விற்காமல் இரண்டு வருடம் கிடந்தால் புதுக் கடனுக்கு மட்டும் 2,16,000 வட்டி.

இப்போது பழைய கைக்கடிகாரம், முத்திரை, நாணயம் எல்லாவற்றையும் ‘முதலீடு’ என்று பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பேச்சில் பொறுமை இல்லை. நாளைக்கே வாங்க நாலு பேர் இல்லாத பொருளைக் கடன் வாங்கி எடுக்கக் கூடாது.

மச்சானிடம் சண்டை வேண்டாம். “துவக்கில் எனக்குப் பங்கு வேண்டாம், அட்டியலை மீட்க மாதம் 10,000 நீங்கள் தாருங்கள்” என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நகை மனைவியுடையது, பேச்சில் அவரும் இருக்கவேண்டும். மச்சான் தந்தாலும் தராவிட்டாலும் நீங்கள் மாதம் 15,000 ஒதுக்குங்கள். அதில் 6,000 வட்டி, 9,000 முதல். முதல் குறையக் குறைய வட்டியும் குறையும். தனியாகக் கட்டினாலும் மூன்று வருடத்துக்குள் அட்டியல் வீட்டுக்கு வரும், மச்சானும் தந்தால் ஏறக்குறைய ஒன்றரை வருடம் போதும். அடகுச் சீட்டின் முடிவுத் திகதியைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. இன்றிரவே சீட்டை எடுத்துப் பாருங்கள். இந்த முறை திருப்பி வைக்கும்போது, கொஞ்சமாவது முதலைக் குறைத்து வையுங்கள்.