கையில் ஒரு லட்சம்: வீடு கட்டும் தொழில் தொடங்கலாமா?

கேள்வி: பன்னிரண்டு வருடமாகக் கொத்தனார் வேலை. சேமிப்பு ஒரு லட்சம். சொந்தமாக வீடு கட்டிக்கொடுக்கலாமா? மெட்டீரியலோடு எடுத்தால்தான் லாபம் என்கிறார்களே?
- வாசகர், செங்கம்

பதில்: தாராளமாக இறங்குங்கள். ஆனால் லேபர் கான்ட்ராக்ட் மட்டும்: கூலி வேலை உங்களுடையது, பொருள் வீட்டுக்காரருடையது.

ஆயிரம் சதுர அடி வீட்டின் மேல்தளத்தையே பாருங்கள். 5 அங்குலக் கனத்துக்கு சுமார் 11.8 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் சிமென்ட்டே 95 மூட்டை வரும். பீம், கம்பி, ஜல்லி, எம்சாண்ட் தனி. இதைக் கடனில் இறக்கிவிட்டு, வீட்டுக்காரருக்கு பேங்க் லோன் ஒரு வாரம் தள்ளிப்போனால் கடைக்காரர் உங்கள் வாசலில்தான் நிற்பார். வரியும் இருக்கிறது: தனி வீட்டுக்கு வெறும் கூலி வேலை என்றால் ஜிஎஸ்டி விலக்கு. பொருளோடு எடுத்து, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்து 18 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டும்.

உங்கள் ஒரு லட்சம் சனிக்கிழமைச் சம்பளத்துக்கான பணம். 2 கொத்தனார், 3 சித்தாள். நாள் கூலி 1,100, 750 என்று வைத்தால் வாரம் 26,700 ரூபாய். மூன்று வாரம் தாங்கும். ஆகவே மெஷின், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தற்காலிக அச்சு) தகடு, ஜாக்கி எதையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பணத்தை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். தளம் போடும் வாரத்தில் சென்ட்ரிங் ஆள், கம்பி கட்டுகிறவர், கான்கிரீட் செட் மூவரும் ஒன்றாகக் காசு கேட்பார்கள். இருந்தாலும் புதியவர்கள் கவிழ்வது தளத்தில் அல்ல, பூச்சில். தளம் வரை வந்த பணத்தை லாபம் என்று நினைத்து அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். பிறகு பூச்சுக்கு ஆள் நிறுத்தக் காசு இருக்காது. மொத்தக் கூலியில் 30 சதவீதமாவது பூச்சுக்கு வரும்படி தவணையைப் பிரியுங்கள். முதல் வீட்டின் உள்பூச்சு முடியாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் அளவில்தான். போர்டிகோ, ஹெட்ரூம் (மாடிப்படியின் மேல் அறை), கைப்பிடிச் சுவர், லாஃப்ட், சம்ப், செப்டிக் டேங்க் இவையெல்லாம் சதுர அடி ரேட்டில் சேருமா, தனியா என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் நஷ்டஈடு உங்கள் தலையில். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது. ஏழாம் நாள் பிரிக்கலாமா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை பீமுக்கு 14, அதற்கும் நீளம் என்றால் 21. இது ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட்டுக்கான கணக்கு. பிபிசி (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட்) மெதுவாக இறுகும், இன்னும் சில நாள் விடுங்கள். அவசரப்பட்டால் தளம் நடுவில் தொய்ந்து, அடியில் மயிரிழை வெடிப்பு விடும். வாடகை நாளை ரேட் பேசும்போதே கூட்டிச் சொல்லுங்கள்.