ஆயத்தக் கோப்புத் தொகுப்பை வாங்கி அவுஸ்திரேலிய அரசின் கட்டுமானப் பாதுகாப்பு அங்கீகாரத்தைப் பெற முடியுமா?

கேள்வி: என் மைத்துனர் பிறிஸ்பேனில் சிறிய கட்டுமான நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். அரசுப் பணம் கலந்த வேலைகளை எடுப்பதற்குச் சமஷ்டிப் பாதுகாப்பு அங்கீகாரம் வேண்டுமாம். பாதுகாப்பு நடைமுறைகளை முன்கூட்டியே எழுதி இணையத்தில் விற்கும் ஆயத்தக் கோப்புத் தொகுப்பை வாங்கிக் கொடுத்தால் போதாதா? ஆலோசகர்கள் செய்வதும் வெட்டி ஒட்டும் வேலைதானே?

பதில்: போதாது. இந்த ஒரு சொல்லோடு நான் விலகிப் போயிருப்பேன். ஆனால் கேள்வியின் கடைசியில் நீங்கள் சேர்த்திருக்கும் அந்த வரி, திருகோணமலை உவர்மலையில் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து அதே வேலையைச் செய்து குடும்பம் நடத்தும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. வெட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்க வரவில்லை. அவர்கள் ஒட்டியதைப் பிரித்தெடுப்பதிலேயே என் வேலையில் பாதி கழிகிறது.

முதலில், உங்கள் மைத்துனருக்கு இது தேவைதானா என்று பாருங்கள். கட்டுமானத் துறையை ஆராய்ந்த கோல் ஆணைக்குழு 2003இல் அறிக்கை கொடுத்ததைத் தொடர்ந்து, 2005இல் சமஷ்டிப் பாதுகாப்பு ஆணையாளர் பதவி உருவாக்கப்பட்டு, 2006இல் இந்த அங்கீகாரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சமஷ்டி அரசு நேரடியாகப் பணம் கொடுக்கும் வேலையென்றால், 40 இலட்சம் டொலரோ அதற்கு மேலோ பெறுமதியுள்ள தலைமை ஒப்பந்தத்தை எடுப்பவருக்கு அங்கீகாரம் கட்டாயம். அரசு நிதியுதவி மட்டும் செய்யும் திட்டமென்றால், அந்த உதவி 60 இலட்சம் டொலருக்குக் குறையாமலும் திட்டச் செலவில் பாதிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அல்லது, பங்கு எவ்வளவாக இருந்தாலும், ஒரு கோடி டொலரை எட்ட வேண்டும். அப்போதுதான் இந்தத் திட்டம் குறுக்கே வரும். துணை ஒப்பந்தகாரராக வேலை செய்பவருக்கு இது தேவையில்லை. தொழிலிடப் பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழ் அலுவலகச் சுவரில் தொங்குகிறது என்பதற்காக இந்த அங்கீகாரமும் கூடவே வந்துவிடாது.

பரிசோதனை நடக்கும் விதத்தைத்தான் பலர் சரியாக விளங்கிக்கொள்வதில்லை. முதலில் ஆவணங்களை மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் சமஷ்டிப் பாதுகாப்பு அலுவலர் வேலை நடந்துகொண்டிருக்கும் தளத்துக்கே வருவார். ஆணையாளர் அலுவலகத்தின் அளவுகோல்கள் அவர் கையில் இருக்கும். அதோடு, நீங்களே எழுதிக் கொடுத்த நடைமுறைகளும் அவருக்குக் கேள்வித்தாளாகிவிடும். "பணிப்பாளர் வாரந்தோறும் தளத்தைச் சுற்றிப் பார்ப்பார்" என்று கோப்பில் எழுதியிருந்தால், அந்த வாரங்களின் பதிவுகள் எங்கே என்று கேட்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லையே என்று அந்த நேரத்தில் வாதாட முடியாது. சொன்னது உங்கள் கோப்பு. தொகுப்பு விற்பவர்கள் பக்கங்களின் எண்ணிக்கையைப் பெருமையாக விளம்பரப்படுத்துகிறார்கள். வாங்குபவர் அந்தப் பக்கம் ஒவ்வொன்றையும் செய்து காட்டக் கடமைப்பட்டவர் ஆகிறார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

எங்களிடம் வந்த குயின்ஸ்லாந்து நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம், இப்படியொரு தொகுப்பை வாங்கி, அடிக்குறிப்பில் தன் பெயரையும் இலச்சினையையும் பொருத்தி வைத்திருந்தது. இரண்டு மாடிக்கு மேல் கட்டாத அந்த நிறுவனத்தின் கோப்பில் கோபுரப் பாரந்தூக்கிக்கு ஓர் அத்தியாயமும், சுழியோடிகளைக் கொண்டு நீருக்கடியில் செய்யும் வேலைக்கு இன்னோர் அத்தியாயமும் இருந்தன. அவற்றையாவது கிழித்தெறிந்துவிடலாம். சட்டம் என்று அது பக்கத்துக்குப் பக்கம் காட்டியது விக்ரோறியா மாநிலத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை. குயின்ஸ்லாந்து 2011இலேயே, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக வரையப்பட்ட மாதிரிப் பாதுகாப்புச் சட்டத்தைத் தழுவித் தன் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. விக்ரோறியாதான் இன்றும் தன் தனிச் சட்டத்தோடு நிற்கிறது. அகழி வேலைக்கான நடைமுறையிலோ, மண் பொறியியலாளர் தினமும் காலையில் கையெழுத்திட்ட பின்பே ஆள் இறங்க வேண்டும் என்று இருந்தது. அப்படியொரு பொறியியலாளரை அந்தத் தளத்தில் எவரும் கண்டதில்லை.

பிறிஸ்பேனில் காலை ஆறரைக்கு நடக்கும் ஆயத்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால், நான் இங்கே இரவு இரண்டு மணிக்கு எழும்ப வேண்டும். தள மேற்பார்வையாளர் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நடக்க, காணொளியில் நானும் கூடவே போனேன். குழாய் பதிக்கும் ஒருவரிடம், இறங்குவதற்கு முன் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் படிவத்தை எடுத்து வரத் திரும்பினார். படிவம் வேண்டாம், கண்ணால் பார்ப்பதைச் சொல்லுங்கள் என்றேன். இரவு மழை பெய்ததா, விளிம்பில் புதிதாக வெடிப்பு ஓடியிருக்கிறதா, பெக்கோ அள்ளிப் போட்ட மண் விளிம்பை விட்டுத் தள்ளி இருக்கிறதா, பக்கச் சுவரைத் தாங்கும் தகடுகள் சரியாக இறங்கியிருக்கின்றனவா, ஏணியின் தலை கையால் பிடிக்கக்கூடிய அளவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மூச்சுவிடாமல் சொன்னார். அங்கே ஒன்றரை மீற்றருக்கு மேல் ஆழமான அகழியில் செய்யும் வேலை உயர் ஆபத்து வேலை என்ற வகைக்குள் வருகிறது. அதற்கு எழுத்தில் ஒரு வேலைமுறைக் கூற்று, அதாவது என்ன ஆபத்து, அதை எப்படித் தவிர்த்து வேலை செய்வது என்று சொல்லும் ஆவணம், இருந்தே ஆக வேண்டும். நான் அந்த மனிதர் சொன்ன வரிசையிலேயே, அவர் சொன்ன சொற்களிலேயே அதை எழுதி, மாதிரிச் சட்டம் கேட்கும் மற்ற விவரங்களைச் சேர்த்து, தளத்தின் ஆட்களோடு பேசித் திருத்த வைத்து அனுப்பினேன். முந்தைய அத்தியாயத்தின் பருமனில் கால்வாசிகூட அது இருக்கவில்லை. பரிசோதனை நாளன்று அலுவலர் அதே மனிதரை நிறுத்தி ஏறத்தாழ அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவர் பாடமாக்கியிருக்கத் தேவையில்லை அல்லவா?

இதை வெற்றிக் கதையாக ஊதிப் பெருப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அங்கீகாரம் கிடைத்தது, திருத்த நடவடிக்கைகள் கேட்கப்பட்டு, அவை முடிந்த பின்பே கிடைத்தது. சாரத்தை 30 நாட்களுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் பார்த்துப் பதிய வேண்டும் என்ற விதியைச் சாரம் கட்டுபவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார். அட்டையில் திகதி சரியாக இருந்தது. ஆனால் செங்கல் ஏற்றுவதற்காக இடையில் ஒரு பகுதியைக் கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். அதன்பின் எவரும் பார்த்ததாகப் பதிவில்லை. குழாய்வேலைத் துணை ஒப்பந்தகாரர் கொடுத்த வேலைமுறைக் கூற்றில் வேறொரு புறநகரின் முகவரி இருந்தது. நிறுவனம் அதை வாசிக்காமலே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தது. துணை ஒப்பந்தகாரரை எப்படி நிர்வகிக்கிறீர்கள் என்பது இந்தத் திட்டம் குறிப்பாகக் கவனம் செலுத்தும் விடயங்களில் ஒன்று. ஆயத்தத் தொகுப்பில் இதற்கும் அழகானதொரு படிவம் இருந்தது. அதை நிரப்பியவர் வாசித்தாரா என்பது படிவத்துக்குத் தெரியாது.

திருகோணமலையில் இருந்துகொண்டு பிறிஸ்பேன் சாரத்தைப் பற்றி இவர் என்ன பேசுவது என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு ஒரு விளக்கம். நான் வளைகுடா நாடொன்றில் தளப் பாதுகாப்பு அலுவலராக நின்று வெயில் குடித்தவன். இப்போது அவுஸ்திரேலியாவில் உள்ள ஆலோசகர் ஒருவரின் கீழ்தான் எழுதுகிறேன். தளத்தில் நேரில் நடப்பவரும், கையெழுத்திடுபவரும், பொறுப்பை ஏற்பவரும் அவர்தான். நான் பரிசோதகன் என்று எங்கும் சொல்லவில்லை. கேட்டு எழுதுவது என் தொழில். அதற்குக் காதும், நித்திரை முழிக்கிற பழக்கமும் போதும்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்கு முற்றிலும் புறம்பானது என்று நான் நினைக்கவில்லை. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை விடுதிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நான் பார்த்த உள்ளூர் விலைப்பட்டியல்கள் பலவற்றில் பாதுகாப்புக்கு ஒரே வரிதான் உண்டு. எதிரே மொத்தத் தொகையாக ஓர் எண். அந்த எண்ணை ஒடுக்கிப் போடுபவருக்குத்தான் வேலை கிடைப்பது எளிது. தலைக்கவசங்கள் பெரியவர்கள் வரும் நாளில் களஞ்சிய அறையிலிருந்து வெளியே வரும். மற்ற நாட்களில் மேசன்மார் செருப்போடு சாரத்தில் நிற்பார்கள். எங்கள் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகத்தை அமைக்க 2009இல் தனிச் சட்டமே வந்தது. ஆகவே ஏடு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தெரிந்த ஒப்பந்தகாரர் ஒருவரிடம், காசு வேண்டாம், உங்கள் தளத்துக்கு ஏற்ற நடைமுறையொன்றை எழுதித் தருகிறேன் என்று கேட்டபோது, "அண்ணை, உங்கட பேப்பரால சுவர் எழும்புமோ?" என்று சிரித்தார். அவுஸ்திரேலியாவின் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, குறிப்பிட்ட பெறுமதிக்கு மேற்பட்ட அரசு வேலையில் அங்கீகாரம் இல்லாதவர் எவ்வளவு குறைந்த விலை போட்டாலும் தலைமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது என்பதுதான். இங்கே அப்படியொரு வாசற்படி வந்தால், சிரித்த அதே மனிதர் மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நிற்பார்.

உங்கள் மைத்துனருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பூச்சு வேலையும் வர்ணம் அடிப்பதும் மட்டும் மிஞ்சியிருக்கும் தளத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம். அலுவலர் பார்க்க வருவது உயரத்திலும் அகழியிலும் நடக்கும் வேலையை. ஆணையாளர் அலுவலகம் தன் அளவுகோல்களை இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. எந்தத் தொகுப்புக்கும் காசு கட்டும் முன் அவர் அதை எடுத்துக்கொண்டு, தன் தள மேற்பார்வையாளரோடு ஒரு பின்னேரம் உட்கார்ந்து, இவற்றில் எவற்றை நாம் ஏற்கெனவே செய்கிறோம், எவற்றுக்குப் பதிவு இருக்கிறது என்று வரிவரியாகக் குறிக்கட்டும். அதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால் தாராளமாக வாங்கட்டும். அடிக்குறிப்பில் பெயரை மாற்றும்போது, உள்ளே இருப்பது குயின்ஸ்லாந்துச் சட்டமா விக்ரோறியாச் சட்டமா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.