ஹைலேண்ட் கேம்ஸில் எறியப் போகிறீர்களா? எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

ஸ்காட்லாந்தில் மே முதல் செப்டம்பர் வரை ஹைலேண்ட் கேம்ஸ் காலம். கல் எறிதல், சுத்தியல் எறிதல், எடைக்குண்டு எறிதல், கேபர் என்னும் மரத்தைப் புரட்டுதல் என்று அங்கே நடக்கும் 'ஹெவி ஈவென்ட்ஸ்' பக்கம் நம் வாசகர்களும் திரும்பியிருப்பது வந்திருக்கும் கேள்விகளிலேயே தெரிகிறது. எடைகளை ராத்தலிலும் கிலோவிலும் சொல்கிறேன். பவுண்டு என்று எழுதினால் பணத்தோடு குழம்பும்.

கேள்வி: வயது 34. சில வருடங்களாக ஜிம்முக்குப் போகிறேன். போன வருடம் பிரேமார் ஊரில் நடந்த கேம்ஸைப் பார்த்ததிலிருந்து நானும் இறங்க வேண்டும் என்று ஆசை. ஆன்லைனில் இரண்டு சுத்தியல், இரண்டு எடைக்குண்டு, ஒரு கல் சேர்ந்த 'ஆரம்ப செட்' ஒன்று விற்கிறார்கள். வாங்கட்டுமா? (வாசகர், அபர்டீன்)

வேண்டாம். குறைந்தபட்சம் முதல் சீசன் முடியும்வரை இரும்பில் காசு போடாதீர்கள்.

முக்கியக் காரணம், எறிவதற்கான சாமான்களைப் போட்டி நடத்துபவர்களே களத்தில் வைத்திருப்பார்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. இன்னொன்று, அந்தச் செட்டில் என்ன இருக்கும் என்று பாருங்கள். ஆண்களுக்கான சுத்தியல் 16 ராத்தல் (7.3 கிலோ), 22 ராத்தல் (10 கிலோ). தூரத்துக்கு எறியும் எடைக்குண்டு 28 ராத்தல் (12.7 கிலோ), 56 ராத்தல் (25.4 கிலோ). இந்த 56-ஐ ஒற்றைக் கையில் பிடித்துச் சுழன்று எறிய வேண்டும். புதிதாக வருபவர் அதைச் சுழற்றுவதில்லை, அதுதான் அவரைச் சுழற்றும். ஜிம்மில் இருநூறு கிலோ தூக்குகிறவர்களும் முதல் நாள் இதில் தடுமாறுவார்கள். இந்த ஆட்டத்தில் பலத்தைவிடக் கால் போகும் முறைதான் முதலில் வர வேண்டும். அதனால் செட்டில் பாதி உங்கள் வீட்டு ஷெட்டில் துருப்பிடிக்கும்.

கல்லை விலைக்கு வாங்குவது இன்னும் வீண். தோட்ட அலங்காரத்துக்குக் கல் விற்கும் யார்டுக்குப் போய், கையில் அடங்குகிற உருண்டைக் கல்லாக ஒன்று பொறுக்கி எடுங்கள். குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும். போட்டியில் லேசான கல் 16 ராத்தல் அளவில் தொடங்கும். 'பிரேமார் ஸ்டோன்' என்ற வகையில் கல் இன்னும் கனம், ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். பயிற்சிக்குப் பன்னிரண்டு ராத்தலில் தொடங்கினாலும் குற்றமில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும் பிரேமாரில் நீங்கள் பார்த்தது தேர்ந்த ஆட்டக்காரர்களை. உங்கள் வாசல் அதுவல்ல. ஸ்காட்லாந்தில் சின்னச் சின்ன ஊர்களில் நடக்கும் கேம்ஸ் ஏராளம். பல இடங்களில் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கென்றே 'லோக்கல்' போட்டி தனியாக வைக்கிறார்கள். நீங்கள் அபர்டீனில் குடியிருப்பதால் சுற்றுவட்டார ஊர்களின் கமிட்டிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பிறந்த ஊர் எது என்று பார்க்கிறார்களா, குடியிருந்தால் போதுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று போட்டி எறிந்த பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால் ஒன்றே ஒன்று வாங்குங்கள், 28 ராத்தல் எடைக்குண்டு. அதில் பழகிய சுழற்சிதான் பிற்பாடு 56-க்கும் உதவும். வாங்கும்போது குண்டு, சங்கிலி, கைப்பிடி வளையம் மூன்றும் சேர்ந்த நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. டேப் வைத்து அளந்து பாருங்கள். வளையத்தின் இணைப்பில் வெல்டிங் சுற்றிலும் முழுதாக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாலு புள்ளியில் மட்டும் ஒட்டவைத்த வளையமென்றால் ஒருநாள் கையில் வளையமும் காற்றில் குண்டுமாகப் பிரியும். பழைய சாமானாக இருந்தால் சங்கிலிக் கண்ணிகள் தேய்ந்து மெலிந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: விளையாட்டுக் கடைத் தளங்களில் 'ஹேமர் 7.26 கிலோ' என்று தேடினால் ஒலிம்பிக் சுத்தியல்தான் வரும். எடை அதே எடைதான். ஆனால் அதில் குண்டைத் தாங்குவது கம்பி. ஸ்காட்டிஷ் சுத்தியலுக்கு விறைப்பான தண்டு. ஒலிம்பிக் வீரர் உடம்போடு சுழல்வார். இங்கே கால்களை ஊன்றி, களத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடியே தலைக்கு மேல் சுழற்றி விட வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

கேள்வி: எறிவதற்கென்று தனிச் சப்பாத்து விற்கிறார்கள், நல்ல விலை. கட்டாயம் வேண்டுமா? (வாசகர், ஸ்காபரோ, கனடா)

வேண்டாம். நீங்கள் பார்த்தது அடிப்பாகம் வழவழப்பான சப்பாத்து. அது கான்கிரீட் வட்டத்தில் சுழல்வதற்கானது. ஹைலேண்ட் கேம்ஸ் புல்தரையில் நடக்கிறது, உங்கள் ஒன்டாரியோவில் கேம்ஸ் நடக்கும் ஃபெர்கஸிலும் மேக்ஸ்வில்லிலும் அப்படித்தான். காலை ஈரத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் வழுக்கும். ரக்பி ஆடுபவர்கள் போடும் முள் வைத்த பூட்ஸ் போதும், பழையதாக இருந்தாலும் சரி. சுத்தியலுக்கென்று சிலர் பூட்ஸின் முன்பக்கம் இரும்புத் தகடு பொருத்தியிருப்பார்கள். தகட்டைத் தரையில் குத்தி நின்றால் சுத்தியலின் இழுப்புக்குக் கால் நகராது. முதல் வருடம் அது இல்லாமலே எறியலாம். பிறகு வேண்டுமானால் ஒரு பழைய தொழிலாளர் பூட்ஸில் பொருத்திக்கொள்ளுங்கள். அதை மாட்டிக்கொண்டு ஒருபோதும் கேபர் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: போட்டிக்குக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்பு வைத்த பாவாடை) கட்டாயம் என்றார்கள். ஒரு இணையக் கடையில் வாங்கினேன். இடுப்பு சேரவில்லை. திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் 'கில்ட் எல்லாமே ஆர்டரின் பேரில் தைப்பது, திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். 120 பவுண்டு போய்விட்டதா? (வாசகர், கிளாஸ்கோ)

போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எப்படி ஆர்டர் செய்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையை பிரிட்டனில் 2013-இன் நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள் தருகின்றன. பொருள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து கணக்கு. ஆனால் உங்கள் அளவுக்கென்றே தைத்த பொருளுக்கு இந்த உரிமை இல்லை. கடைக்காரர் பிடித்துக்கொள்வது இந்த விலக்கைத்தான். ஆனால், கடை கொடுத்த பட்டியலிலிருந்து '36 இடுப்பு, 24 நீளம், இன்ன டார்ட்டன் (கட்டம் போட்ட துணி வகை)' என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் அது உங்களுக்கென்று தைத்ததாகாது. எல்லாருக்கும் விற்கும் சைஸ் அது. 'ஆர்டர் வந்த பிறகுதான் தைக்கிறோம்' என்பதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. 14 நாள் தாண்டவில்லையென்றால் இன்றே ரத்து செய்வதாக மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். அனுப்பும் செலவு உங்களுடையது என்று கடை முன்பே அறிவித்திருந்தால் அதை நீங்கள்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

மாறாக, அங்குலக் கணக்கில் நீங்களே அளவெடுத்து அனுப்பி, அதன்படி தைத்துக் கொடுத்திருந்தால், மனம் மாறியது என்ற காரணத்தால் திருப்ப முடியாது. அப்போதும் கையிலுள்ள கில்ட்டை அளந்து பாருங்கள். நீங்கள் அனுப்பிய அளவுக்கு அது இல்லையென்றால் கதை வேறு. 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 'திரும்ப எடுக்க மாட்டோம்' என்று கடை எழுதிவைத்த எந்த வரியும் இந்த உரிமையைப் பறிக்காது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால், 1974-இன் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, கடை ஒப்பந்தத்தை மீறினால் வங்கியும் பொறுப்பு. கடை அசையவில்லையென்றால் அட்வைஸ் டைரெக்ட் ஸ்காட்லாந்து என்ற ஆலோசனை அமைப்பு இலவசமாக வழிகாட்டும்.

இடுப்பு சேராததன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கில்ட் ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் உட்காராது, தொப்புள் உயரத்தில் உட்காரும். ஜீன்ஸ் சைஸைப் போட்டு வாங்குபவர்கள் பலருக்கும் இதுதான் நடக்கிறது. டேப்பைத் தொப்புளைச் சுற்றிப் பிடித்து ஒரு அளவு, பின்புறம் அகலமான இடத்தில் ஒரு அளவு, தொப்புளிலிருந்து முழங்கால் சிப்பியின் நடுவரை ஒரு அளவு. மூன்றையும் வேறொருவர் எடுக்க வேண்டும். நீங்களே குனிந்து எடுத்தால் நீளம் தப்பாகிவிடும்.

அடுத்து வாங்கும்போது எறிவதற்கு மட்டும் என்று மலிவாகவே வாங்குங்கள். எட்டு கஜக் கம்பளியில் கையால் தைத்த கில்ட் பல நூறு பவுண்டு ஆகும். அழகுதான், ஆனால் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிடிமானத்துக்குப் பூசும் பிசின் அதில் ஒட்டினால் லேசில் போகாது. பாலியஸ்டர்-விஸ்கோஸ் துணி வீட்டு மெஷினில் துவைக்கலாம். பின்மடிப்புகள் ஆழமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மடிப்பு குறைந்த மலிவுக் கில்ட்டில் கால் அகட்டி உட்கார முடியாது, சுழலும்போது தொடையைப் பிடிக்கும். உள்ளே இறுக்கமான ஷார்ட்ஸ் போடுங்கள், களத்தில் எல்லாரும் போடுகிறார்கள்.

கேள்வி: வயது 43, பெண். இந்த வயதில் ஆரம்பிக்கலாமா? எவ்வளவு செலவாகும்? (வாசகி, சார்லட், வட கரோலினா)

தாராளமாக. அமெரிக்காவில் பெண்களுக்குத் தனிப் பிரிவு, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 'மாஸ்டர்ஸ்' பிரிவு, புதிதாக வருபவர்களுக்கு 'நாவிஸ்' பிரிவு என்று பல போட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கான எடைக்குண்டு 14, 28 ராத்தல். சுத்தியல் 12, 16 ராத்தல். குறுக்குக் கம்பிக்கு மேலே உயரத்துக்கு எறியும் எடைக்குண்டு 28 ராத்தல். இவற்றை எதிர்கொள்ள நீங்கள் மலைபோல இருக்க வேண்டியதில்லை.

உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய விழா கிராண்ட்ஃபாதர் மவுன்டன். 1956-இலிருந்து ஜூலையில் நடக்கிறது. அங்கே இந்த வருடம் போய்ப் பாருங்கள், எறிவதைச் சிறிய போட்டியில் ஆரம்பியுங்கள். நுழைவுக் கட்டணம், மலிவான கில்ட், முழங்கால்வரை ஏறும் சாக்ஸ், ரக்பி பூட்ஸ் இவ்வளவுதான் செலவு. நிஜமாகக் காசைத் தின்பது பெட்ரோலும் ஓட்டல் அறையும்தான், அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். எதற்கும் முன்னால் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போங்கள். அனுபவசாலிகள் குறைந்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ நடத்துகிறார்கள். மாதச் சந்தாவில் ஆன்லைன் கோச்சிங் விற்பவர்களிடம் அதன் பிறகு போகலாம். முட்டி, தோள், இடுப்பு முதுகில் பழைய வலி இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். களத்தில் கையெழுத்து வாங்கும் பொறுப்புத்துறப்புப் படிவத்தை வாசியுங்கள். உங்கள் மருத்துவக் காப்பீடு விளையாட்டுக் காயத்தை ஏற்குமா என்பதை அதற்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கேபர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி வீட்டுக்குப் பின்னால் பழகலாமா? (வாசகர், இன்வர்னெஸ்)

வாங்காதீர்கள். பிரேமார் கேபர் 19 அடி 9 அங்குலம், 132 ராத்தல் (சுமார் 60 கிலோ). உங்களுக்கு வருவது அதைவிடச் சின்னதாக இருந்தாலும் எந்தக் காரில் ஏற்றுவீர்கள்? மழை வெயிலில் கிடக்கும் மரம் வெடிக்கும், உளுக்கும், காய்ந்தால் எடை மாறும். கேபரில் தூரம் கணக்கில்லை. மெல்லிய முனையைக் கைகோத்துப் பிடித்துத் தூக்கி, ஓடி, எறிந்து, கனமான முனை தரையில் குத்தி மரம் கரணமடித்து நேர் எதிரே, கடிகாரத்தின் பன்னிரண்டு மணி திசையில், விழ வேண்டும். முதல் சிக்கலே தூக்கி நிமிர்வதுதான். அதைப் பத்தடிக் கழியில் பழகலாம், மரக்கடையில் கிடைக்கும். அதையும் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் செய்ய வேண்டாம். மரம் சாய்ந்தால் தாங்கப் பார்க்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள்.

கேள்வி: பிவிசி குழாயும் இரும்புக் குண்டும் வைத்து நானே சுத்தியல் செய்து பூங்காவில் எறிகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்வேன் என்கிறார். (வாசகர், எடின்பரோ)

அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஏழு கிலோ இரும்பு புதியவர் கையிலிருந்து எந்தத் திசையில் போகும் என்று அவருக்கே தெரியாது, பூங்காவில் ஒலிம்பிக் போல வலைக்கூண்டும் கிடையாது. குழாய்த் தண்டு தவறல்ல, அமெரிக்காவில் அதுதான் வழக்கம். ஆனால் குண்டு கழலாதபடி தண்டின் முனையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்களா? வெறும் பசையை நம்பியிருந்தால் இன்றே எறிவதை நிறுத்துங்கள். குழாயில் வெள்ளைக் கீறல் தெரிந்தாலும் அப்படியே. பூங்கா கவுன்சிலுடையது என்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அநேகமாகக் கிடைக்காது. பக்கத்து ரக்பி கிளப்பிடமோ விவசாயியிடமோ ஆளில்லாத வெளி ஒன்றைக் கேட்பது சுலபம். கேட்கும்போதே தரையில் குழி விழும் என்பதையும், ஒவ்வொரு முறையும் மண் போட்டு மூடிவிடுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.