ரிப்பும் ஓஎஸ்பிஎஃபும் இரண்டு ரூட்டர்களில் சந்திக்கும்போது பாக்கெட் ஏன் சுற்றுகிறது?

கேள்வி: கிளைகளில் ரிப் (RIP) பதிப்பு 2, மையத்தில் ஓஎஸ்பிஎஃப் (OSPF); இரண்டும் ரூட்டர்கள் தமக்குத் தெரிந்த வழிகளை (ரூட்டுகளை) ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள். நடுவிலுள்ள இரண்டு சிஸ்கோ ரூட்டர்களிலும் (எல்லை ரூட்டர்கள்) இருதிசை ரீடிஸ்ட்ரிப்யூஷன், அதாவது ஒன்றில் தெரிந்த ரூட்டுகளை மற்றதிலும் அறிவிப்பது. சில கிளைகளுக்கான பாக்கெட் போய்ச் சேராமல் சுற்றுகிறது.

அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ்தான் காரணம்: ஒரே ரூட் இரண்டு நெறிமுறைகளில் வந்தால் எதை நம்புவது என்று ரூட்டர் முடிவுசெய்யும் எண். ரிப்புக்கு 120, ஓஎஸ்பிஎஃபுக்கு 110. சிறிய எண் ஜெயிக்கும். முதல் ரூட்டர் ஒரு கிளையின் ரூட்டை ஓஎஸ்பிஎஃபுக்குள் விடுகிறது. இரண்டாவது ரூட்டருக்கு அதே கிளை ரிப்பில் நேராகவே தெரியும். ஆனாலும் 110-ஐ நம்பி முதல் ரூட்டர் பக்கம் திரும்பிவிடுகிறது. அதோடு விடாமல், அந்த ரூட்டை நீங்கள் கொடுத்த மெட்ரிக்கில் (தூரத்தைச் சொல்லும் எண்; ரிப்பில் அது ஹாப், அதாவது கடக்கும் ரூட்டர்களின் எண்ணிக்கை), 1 என்றே வைப்போம், மறுபடி ரிப்புக்குள் தள்ளுகிறது. நாலு ஹாப் தள்ளியிருக்கும் கிளை பக்கத்திலேயே இருப்பதாக ரிப் ரூட்டர்கள் நம்பிவிடும். வட்டம் அங்கே உருவாகிறது.

ஓஎஸ்பிஎஃபிலிருந்து ரிப்புக்குப் போகும் ரீடிஸ்ட்ரிப்யூஷனையே எடுத்துவிடுங்கள் என்பேன். கிளைக்கு டிஃபால்ட் ரூட் (வேறு ரூட் பொருந்தாத பாக்கெட்டுகள் போகும் வழி) ஒன்று போதும்: ரிப்பின் கீழ் 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்'. எதிர்த்திசைக்கு ஓஎஸ்பிஎஃபின் கீழ் 'ரீடிஸ்ட்ரிப்யூட் ரிப் மெட்ரிக்-டைப் 1 சப்நெட்ஸ்'. பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரூட்டரின் இயங்குதளம்) 'சப்நெட்ஸ்' விட்டுப்போனால் 10.20.3.0/24 போன்றவை சத்தமில்லாமல் காணாமல் போகும். டைப் 2-ல் மெட்ரிக் எங்கும் 20 என்றே நிற்கும். டைப் 1 உள்வழி காஸ்டையும் கூட்டுவதால் மைய ரூட்டர்கள் பக்கத்து எல்லை ரூட்டரைத் தேர்ந்தெடுக்கும்.

அடுத்து, இரண்டு எல்லை ரூட்டர்களிலும் 'டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 130': ஓஎஸ்பிஎஃபுக்குள் வெளியிலிருந்து வந்த (எக்ஸ்டர்னல்) ரூட்டுகளுக்கு மட்டும் 110-க்குப் பதில் 130. இனி கிளை ரூட்டுகளுக்கு ரிப்பே முந்தும். இதில் பலர் கவனிக்காத ஒரு பொறி உண்டு. மையத்தின் டிஃபால்ட் ரூட்டும் எக்ஸ்டர்னலாக இருந்தால், அடுத்த எல்லை ரூட்டர் ரிப்பில் அனுப்பும் டிஃபால்ட் 120-ல் வந்து அதை வென்றுவிடும். இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டும். ஆகவே 0.0.0.0/0-ஐ (டிஃபால்ட் ரூட்) மட்டும் மறுத்து மற்றதை அனுமதிக்கும் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் (முகவரிப் பட்டியல்) எழுதி, ரிப்பில் 'டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட்' மூலம் உள்வரும் திசையில் போடுங்கள்.

இருதிசையும் கட்டாயம் வேண்டுமென்றால் டேக் (ரூட்டோடு சேர்ந்து போகும் அடையாள எண்) போடுங்கள். ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃபுக்குப் போகையில் டேக் 120. திரும்பும் வழியில் அந்த டேக்கை மறுக்கும் ரூட்-மேப் (ரூட்டுகளை வடிகட்டும் விதிகள்). அதன் கடைசியில் வெறும் பெர்மிட் வரி இல்லாவிட்டால் எல்லாமே அடைபடும். ரிப்புக்கு மெட்ரிக் கொடுக்க மறந்தால் எண்ணிலி, அதாவது 16, ஆகி எதுவும் போகாது. எதிர்த்திசைக்கும் இதேபோல் டேக் 110 வையுங்கள். ரிப் பதிப்பு 1-ல் டேக் கிடையாது; அங்கே பிரிஃபிக்ஸ் பட்டியல்தான்.

மாற்றும் வரிசை: முதலில் டிஃபால்டுக்கான தடுப்பு, பிறகு டிஃபால்ட், பிறகு டிஸ்டன்ஸ், கடைசியில் பழைய ரீடிஸ்ட்ரிப்யூஷன் நீக்கம். ஹோல்ட்-டவுன் (இழந்த ரூட்டுக்குப் புதிய தகவலை ரிப் ஏற்காமல் காத்திருக்கும் நேரம்) 180 விநாடி என்பதால் அதற்குப் பின் 'ஷோ ஐபி ரூட்' பாருங்கள். இரண்டு எல்லை ரூட்டர்களிலும் கிளை ரூட்டுகள் 120 என்றே தெரிய வேண்டும்.