தகவலியல் யாருடைய துறை?

அன்புள்ள ஐயா,

நூலகவியல் முதுகலை படிக்கிறேன். தகவலியல் (இன்ஃபர்மேட்டிக்ஸ்) என்பது கணினி அறிவியலுக்கு இன்னொரு பெயர்தான் என்று சாதிக்கிறார் கணினித்துறை நண்பர் ஒருவர். எங்கள் பாடத்திட்டமோ வேறு எதையோ சொல்கிறது. யார் சொல்வது சரி?

ம., மதுரை

அன்புள்ள ம.,

நண்பர் சொல்வது இன்றைய நிலவரம். ஜெர்மனியில் கார்ல் ஸ்டைன்புக் 1957-லும் பிரான்சில் ஃபிலிப் திரைஃபஸ் 1962-லும் தானியங்கித் தகவல் செயலாக்கத்துக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் அதே பெயரில் மாஸ்கோவில் எழுந்த துறை வேறு. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அங்கே 1952-ல் தொடங்கப்பட்ட வினிதி நிறுவனம், உலகெங்கும் வெளியாகும் அறிவியல் கட்டுரைகளைத் திரட்டி, துறை அறிந்தவர்களைக் கொண்டு ரஷ்ய மொழியில் சுருக்கம் எழுதி அச்சிட்டது. கட்டுரைகளோ மலைபோல் குவிந்தன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, சேர்த்ததை எப்படித் தேடி எடுப்பது என்ற அன்றாடத் தலைவலி, இந்தக் குவியலுக்கே ஏதாவது விதி உண்டா என்ற கேள்வியாக மாறியது. நிறுவன இயக்குநர் மிகாய்லோவும் சோர்னி, கில்யாரெவ்ஸ்கி ஆகிய இருவரும் 1966-ல் அதைத் தனி அறிவியலாக முன்வைத்தார்கள். அறிவியல் தகவலின் அமைப்பும் தன்மைகளும் மட்டுமே எங்கள் ஆய்வுப்பொருள், உள்ளடக்கம் அல்ல என்று எல்லையும் வகுத்தார்கள்.

அந்த எல்லைக்குள் என்ன வரும்? லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் இருந்த பிராட்ஃபோர்டு, 1934-லேயே ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். பயன்முறைப் புவி இயற்பியல் குறித்த 1332 கட்டுரைகளில் 429 கட்டுரைகள் ஒன்பதே இதழ்களில் வந்திருந்தன. அடுத்த 499 கட்டுரைகள் 59 இதழ்களில். மிச்சம் 404 கட்டுரைகளைப் பொறுக்க 258 இதழ்களைப் புரட்ட வேண்டியிருந்தது! கட்டுரைகள் சொல்வது சரியா என்பதைப் புவி இயற்பியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவை சிதறிக் கிடப்பதில் தெரிகிற ஒழுங்கை விளக்குவது தகவலியலாளரின் வேலை. இதில் கணினிக்கு இடமே இல்லை என்பதை நண்பரிடம் சொல்லுங்கள்.

பிறகு சோவியத் நாட்டிலேயே பெயர் கைமாறிவிட்டது. கணினி அறிவியலாளர் எர்ஷோவ் பெரிதும் பாடுபட்டு 1985-ல் பள்ளிகளுக்குள் கொண்டுவந்த தகவலியல் பாடம் பெரும்பாலும் அல்காரிதமும் நிரலாக்கமும்தான். பழைய துறையின் கேள்விகள் உங்கள் நூலகவியலில் அடைக்கலம் புகுந்தன. பாடத்திட்டம் சொல்லும் அந்த "வேறு எதையோ" இதுதான்.

பிராட்ஃபோர்டின் கணக்கை ஏதாவது ஒரு சிறிய துறையை எடுத்துக்கொண்டு நீங்களும் போட்டுப் பார்க்கலாம். நண்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணுவதற்கு ஆள் வேண்டும்.